பாவமன்னிப்பும் பறித்த பொருளும்

கிறிஸ்தவ சமயத்தில் பாவமன்னிப்பு மிகவும் மலிவாய்க் கிடைப்பது என்று நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். ஆறு நாள் அக்கிரமம் செய்தவன் ஏழாம் நாள் குருவானவர் காதில் அதனை ஓதிவிட்டு, அவர் விதிக்கும் இரண்டு ஜெபங்களை முணுமுணுத்தால், பழைய கணக்குக் கிழிபட்டுப் புதுக் கணக்குத் துவங்கிவிடும் என்பது அவர்கள் செய்யும் கேலி. இக்கேலியில் உண்மை சிறிதும் இல்லையென்று வாதிக்க நாம் வரவில்லை. அச்சமயத்தின் சரித்திரத்திலேயே அதற்கு இடமுண்டு. அதனையும் மறையாது சொல்வோம். ஆனால் அதே சரித்திரத்தில் இதற்கு நேர்மாறான ஓர் அத்தியாயமும் இருக்கிறது. பறித்த பொருளைப் பறிகொடுத்தவனிடம் சேர்ப்பித்துவிட்டு வந்தாலன்றி உன் பாவத்தைக் கேளேன் என்று சொல்லி, ஒரு குருவானவர் தம் மாகாணத்துச் செல்வர் அனைவரையும் பகைத்துக்கொண்ட அத்தியாயம் அது. நம்மிடையே அதிகம் பேசப்படாத அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்க் கத்தோலிக்கர் 'பாவசங்கீர்த்தனம்' என்று வழங்கிவந்த அவ்வழக்கம் ஆதியில் காதோடு காதாக நடந்ததன்று. ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்பார் அக்காலத்து முறையை விவரித்திருக்கிறார். பெருங்குற்றம் செய்தவன் கோணியுடுத்துச் சாம்பல் பூசிக்கொள்வான். உண்டியைச் சுருக்குவான். இரவும் பகலும் அழுது, மூப்பர்கள் காலில் விழுந்து, சபையார் ஒவ்வொருவரிடமும் தனக்காக மன்றாடும்படி கெஞ்சுவான். குற்றத்தின் அவமானம் முழுவதையும் பலரறியச் சுமந்து தீர்த்த பிறகே அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வர். அதுவும் ஆயுளில் ஒரு முறைதான்.

அரசனுக்கும் இதில் விலக்கில்லை என்று காட்டிய சம்பவம் 390-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தெசலோனிக்கே நகரத்தார் கலகம் செய்து சேனாதிபதி ஒருவனைக் கொன்றதற்காக, ரோமச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் அந்நகரத்து ஜனங்களை வெட்டிச் சாய்க்கச் செய்தான். மடிந்தோர் ஏழாயிரவர் என்று பின்னாளில் எழுதிய ஆசிரியர் ஒருவர் கூறுவர். மிலான் நகரத்து மேற்றிராணியாராகிய அம்புரோஸ், சக்கரவர்த்தி முன்னிலையில் தாம் பூசை நிறைவேற்ற இயலாதென்று கடிதம் எழுதினார். உலகாண்டவன் தன் அரச அணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயிலில் பலர் காண அழுதான்.

இத்தனை கடுமையான முறை நீடிக்கவில்லை. வாழ்நாளில் ஒரே முறைதான் என்றதனால், பலர் அதனைச் சாகுந்தறுவாய்க்குத் தள்ளிப்போட்டனர். 6-ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்து தேசத்துத் துறவிகள் வேறொரு வழியைப் பரப்பினர். குற்றவாளி குருவிடம் மட்டும் இரகசியமாய்ச் சொல்லலாம். எத்தனை முறையும் சொல்லலாம். இன்ன குற்றத்திற்கு இத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் என்று அட்டவணை எழுதி வைத்தனர். ஏழை எளியவர்க்கு இது இரக்கமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அட்டவணை என்று ஒன்று வந்துவிட்டால், பணக்காரன் அதனுள்ளே சந்து தேடாமல் விடுவானோ? 10-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட விதியொன்று பிரபுக்களுக்கு வழி சொல்லித் தருகிறது. ஏழாண்டு உபவாசம் விதிக்கப்பட்ட பிரபு, தனக்காக முதலில் 12 பேரை மூன்று நாள் பட்டினி இருக்கச் செய்யவேண்டும். பின்னர் எழுதரம் 120 பேராக 840 பேரை அவ்வாறே மூன்று நாள் இருக்கச் செய்யவேண்டும். கூட்டிப் பார்த்தால் 2,556 நாள் ஆகிறது. ஏழாண்டு சரியாய்த் தீர்ந்துவிடுகிறது! வேலைக்கு ஆள் பிடிப்பதுபோலப் பட்டினிக்கும் ஆள் பிடித்த இந்த விந்தையைக் காணும்போது, நம்மவர் கேலி மிகையென்று எப்படிச் சொல்வது? பணத்திற்குப் பலன் விற்ற கதையையும், 1517-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் அதனை எதிர்த்து எழுந்ததையும் வாசகர் அறிவராதலின் இங்கே விரிக்கவில்லை.

1215-ஆம் ஆண்டு ரோமாபுரியில் லாத்தரன் கோயிலில் கூடிய சங்கம், விவரமறிந்த பருவமெய்திய ஆண் பெண் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் தம் குருவிடம் பாவங்களைச் சொல்லவேண்டுமென்று சட்டம் செய்தது. தவறியவன் கோயிலுள் நுழையலாகாது. இறந்தால் கிறிஸ்தவச் சடங்கோடு புதைக்கப்படான். கேட்ட பாவத்தை வெளியிட்ட குருவுக்குப் பதவியிழப்பும், ஆயுள் முழுதும் மடத்தில் அடைந்து கிடக்கும் தண்டனையும் விதிக்கப்பட்டன. இதே நூற்றாண்டில் மன்னிப்பு மொழியின் இலக்கணமும் மாறி நிலைத்தது. கடவுள் பொறுப்பாராக என்று முன்னே வியங்கோளாய் வேண்டிக்கொண்ட குரு, இப்போது நானே பொறுக்கிறேன் என்று தன்மை வினைமுற்றில் பேசலானார். வினைமுற்று ஒன்று மாறியதில் குருவின் அதிகாரம் எத்துணை உயர்ந்தது என்பதைச் சிந்திப்போர் அறிவர்.

ஆண்டுதோறும் எல்லாரும் சொல்லியாக வேண்டுமென்றானபோது, கேட்கும் குருமாருக்கு வழிகாட்டும் நூல்கள் பெருகின. எந்தத் தொழிலாளனை என்ன கேட்பது, எந்தக் குற்றத்திற்கு என்ன அபராதம் விதிப்பது, எவருக்கு மன்னிப்பை மறுப்பது என்பனவற்றை அவை கற்பித்தன. இவ்வகை நூல் தமிழுக்கும் புதிதன்று. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டு செய்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக் அன்றீக்கஸ் ஆக்கிய 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவசங்கீர்த்தன நூல் 1580-ஆம் ஆண்டு கொச்சியில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. நம் மொழியில் முதன்முதல் அச்சேறிய இரண்டு மூன்று நூல்களுள் அது ஒன்று என்பது வாசகர்க்கு வியப்பளிக்கலாம்.

இந்நூல்கள் அனைத்தும் ஒப்புக்கொண்ட பழைய விதி ஒன்று உண்டு. பிறன் பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தனக்கு இயலும்போதும் கொடாதவன் படும் மனஸ்தாபம் நடிப்பேயென்றும், பறித்ததைத் திருப்பினாலன்றிப் பாவம் நீங்காதென்றும் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் கடிதமொன்றில் எழுதினார். 1298-இல் அது திருச்சபைச் சட்ட நூலிலேயே ஒரு விதியாக ஏறியது. கடுவட்டிக்காரர் வாங்கிய வட்டியைத் திருப்பினாலன்றி அவர்களைக் கிறிஸ்தவராய்ப் புதைக்கலாகாதென்று 1274-ஆம் ஆண்டு லியோன் சங்கம் தீர்மானித்தது. ஆக, வாயாற் சொல்வதும் வயிறு காய்வதும் போதா. பறிகொடுத்தவன் கையில் பொருள் போய்ச் சேரவேண்டும். ஏட்டில் இருந்த இவ்விதியை வட்டிக்கடைக்காரன் மீது ஏவினர். தேசங்களையே பறித்தவர் மீது ஏவத் துணிந்தவர் யார்?

அதற்கு விடை அட்லாண்டிக் சமுத்திரத்திற்கு அப்பால் கிடைத்தது. 1492-இல் கொலம்பஸ் வழிகாட்டிய பின்னர், ஸ்பானியர் ஹிஸ்பானியோலா என்று பெயரிட்ட தீவில் குடியேறி, அங்குள்ள பூர்வ ஜனங்களை அடக்கி ஆண்டனர். இத்தனை குடிகள் இன்ன ஸ்பானியனிடம் 'ஒப்படைக்கப்பட்டனர்' என்று அதிகாரிகள் எழுதிக் கொடுப்பர். குடிகள் அவனுக்காகப் பொன் சலிக்கவும் பயிரிடவும் வேண்டும். அவன் அவர்களுக்குக் கிறிஸ்து மார்க்கத்தைப் போதிக்க வேண்டும். காகிதத்தில் இரு தரத்தாருக்கும் கடமை இருந்தது. நடப்பில் எத்தரத்தார் கடமை மட்டும் நிறைவேறியது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கொடிய வேலையாலும் பட்டினியாலும், அங்கு முன்னறியாத நோய்களாலும் அந்த ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் மாய்ந்தனர்.

1510-இல் தோமினிக்கு சபைச் சந்நியாசிகள் சிலர் அங்கு வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அவர்களுள் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்பவர் பிரசங்க மேடை ஏறினார். எதிரே கொலம்பஸின் மைந்தனும் கவர்னருமான தியேகோ முதலாய பெரிய மனிதர் அமர்ந்திருந்தனர். இம்மக்களை எந்த நீதியால் அடிமை கொண்டீர்கள், இவர்கள் மனிதரல்லரோ என்று அவர் கேட்டார். சீறியெழுந்த பெரிய மனிதர் மடத்திற்குச் சென்று, பேசியதை அடுத்த ஞாயிறு மாற்றிப் பேசவேண்டுமென்று வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. அவரோ முன் சொன்னதையே மறுபடியும் நிலைநாட்டியதோடு, வழிப்பறிக் கள்வரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேளாதது போலவே இனி உங்களுடையதையும் கேளோம் என்று முடித்தார். 1215-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாரம் அன்றுதான் அப்பெரிய மனிதருக்குத் தெரிந்திருக்கும். ஆண்டிற்கு ஒரு முறை சொல்லியே தீரவேண்டும். கேட்பவர்களோ கேளோம் என்கிறார்கள்!

அத்தீவில் அக்காலத்தில் குடிகளை வைத்து ஆண்டவருள் ஒருவர் பார்த்தலோமே தெ லாஸ் காஸாஸ். ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரத்தார், 1502-இல் தீவுக்கு வந்தவர், குருப்பட்டமும் பெற்றவர். குருவே நிலக்காரராகவும் எசமானராகவும் இருந்தது அந்நாளில் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. அவர் ஒரு சமயம் பாவசங்கீர்த்தனத்திற்குச் சென்றபோது, தோமினிக்கு சந்நியாசி ஒருவர், நீர் குடிகளை வைத்திருக்கிறீர், ஆதலால் கேட்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தாம் அவரோடு தர்க்கம் செய்ததையும், தர்க்கத்தில் தோற்றும் குடிகளை விடாததையும் லாஸ் காஸாஸ் பிற்காலத்தில் தாமே ஒளியாது எழுதியிருக்கிறார். மறுக்கப்பட்ட மன்னிப்பு அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பின்னர் கியூபா தீவைப் பிடிக்கச் சென்ற படையோடு சென்றார். அங்கு நடந்த படுகொலைகளைக் கண்ணாரக் கண்டார். அங்கும் நிலமும் குடிகளும் பெற்றார்.

1514-ஆம் ஆண்டு திருநாட் பிரசங்கமொன்றிற்கு ஆயத்தம் செய்கையில், வேத புத்தகத்தில் சீராக்கு என்னும் ஆகமத்தின் 34-ஆம் அதிகாரம் அவர் கண்ணிற் பட்டது. அநியாயமாய்ச் சேர்த்த பொருளைக் கொண்டு செலுத்தும் காணிக்கையைக் கடவுள் ஏற்பதில்லை என்றும், கூலியைப் பறிப்பவன் கொலைகாரனுக்கு ஒப்பானவன் என்றும் கூறும் பகுதி அது. சில நாள் அதனையே எண்ணியிருந்து, தம் குடிகளை விட்டுவிடுவதாகக் கவர்னரிடம் அறிவித்தார். ஆகஸ்டு 15-ஆம் நாள் பிரசங்கத்தில் அதனை ஊரறியச் சொன்னார். கேட்டோர் திகைத்தனர். இதில் ஒரு துயரமும் உண்டு. தாம் விட்ட குடிகள் வேறொரு கொடியவனிடம் போவர் என்பதும், அவனிடம் வேலை செய்தே மடிவர் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவ்வாறே நடந்தது என்றும் எழுதுகிறார். ஆயினும் தம் கையில் குடிகளை வைத்துக்கொண்டு பிறரைக் கண்டிக்க வாயேது?

அதன் பின் ஐம்பதாண்டு அவர் செய்த வழக்காடலையெல்லாம் எழுதப் புகுந்தால் இக்கட்டுரை இடங்கொள்ளாது. 1522-இல் தோமினிக்கு சபையிலேயே சேர்ந்தார். 1542-இல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்ல்ஸ் குடிகளைக் காக்கப் புதிய சட்டங்கள் பிறப்பித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1544-இல் மேற்றிராணியாராய் அபிஷேகம் பெற்று, அடுத்த ஆண்டு இன்றைய மெக்ஸிக்கோவின் தெற்கிலுள்ள சியாப்பா மாகாணம் சென்று சேர்ந்தார்.

சென்ற முதல் தபசு காலத்திலேயே அவர் தம் ஆயுதத்தை எடுத்தார். அடிமைகளை வைத்திருப்போருக்கு மன்னிப்புக் கிடையாது என்றார். இளகிய மனமுள்ள குருவைத் தேடி எசமானர் செல்வர் என்பதை அறிந்து, இருவர் நீங்கலாக ஏனைக் குருமார் அனைவருக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் உத்தரவை நிறுத்தினார். அவ்விருவருள்ளும் ஒருவர் எசமானர் சிலருக்கு மன்னிப்பு அளித்துவிட, அவரைப் பிடித்துவரச் சொன்னார். ஊர் கொதித்தது. ஆயுதந்தாங்கிய கூட்டம் மேற்றிராணியார் வீட்டினுள் புகுந்தது. தம் அடிமைகளை விடுவதைக் காட்டிலும் மேற்றிராணியாரை அச்சுறுத்துவது அவர்களுக்கு எளிதாய்த் தோன்றியது.

அவர் அஞ்சவில்லை. குருமாருக்காகப் பன்னிரண்டு விதிகள் கொண்ட பாவசங்கீர்த்தனக் கைந்நூலை எழுதிக் கைப்பிரதியாய் வழங்கினார். அவ்விதிகளின் போக்கு விசித்திரமானது. மரணப் படுக்கையில் கிடக்கும் பழைய படைவீரன் பாவத்தைச் சொல்லத் தொடங்குமுன், பத்திரம் எழுதும் நொத்தாரிசை வரவழைக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து தான் எதுவும் கொண்டுவரவில்லை, உள்ளதெல்லாம் இம்மக்களிடமிருந்து வந்ததே என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். தன் சொத்து முழுவதையும் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தைக் குருவுக்கு அளிக்க வேண்டும். பறிகொடுத்தவர் உயிரோடிருந்தால் அவர்களுக்கு; இறந்திருந்தால் அவர் வாரிசுகளுக்கு; வாரிசும் அற்றுப்போயிருந்தால் அந்தந்த ஊருக்கு. தன் பிள்ளைகளுக்கென்று அதில் ஒரு காசும் ஒதுக்க உரிமையில்லை. கூட்டமாய்ச் செய்த கொள்ளையில் ஒவ்வொருவனும் முழுமைக்கும் பொறுப்பாளி. போர் நடக்கையில் துப்பாக்கியும் மருந்தும் விற்ற வியாபாரியும் அப்பொறுப்பில் அகப்படுவான். அடிமை வைத்திருப்பவன் பாவத்தைச் சொல்லுமுன்பே அவர்களை விடுதலை செய்து, உழைத்த காலத்திற்கெல்லாம் கூலி கணக்கிட்டுக் கொடுத்து, இழைத்த தீங்கிற்காக அவர்களிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடைசியாய்ச் சொன்னதை வாசகர் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். தெர்த்துல்லியன் காலத்தில் குற்றவாளி சபையார் காலில் விழுந்தான். பின்னர் குரு காலில் விழுந்தான். தன்னால் கெட்டவன் காலில் விழு என்று எசமானனுக்குச் சொன்ன பாவசங்கீர்த்தன நூலை நாம் வேறு கண்டதில்லை. குருமார் அதிகாரத்தைப் புகழ்வது நம் வழக்கமன்று. ஒருவன் மோட்சக் கதவின் திறவுகோலை மற்றொருவன் கையில் கொடுத்து வைப்பதனால் விளைந்த கேடுகள் ஐரோப்பிய சரித்திரமெங்கும் கிடக்கின்றன. ஆயினும் அதே திறவுகோல் அல்லவோ இங்கே கூலி கொடாத எசமானனை நிறுத்திக் கேள்வி கேட்டது? வேறு எந்த அதிகாரி அவனைக் கேட்டான்?

அரசாங்கம் விழித்துக்கொண்டது. இந்தியத் தீவுகளிலும் பெருநிலத்திலும் ஸ்பானியர் பெற்றதெல்லாம் களவென்றால், அரசரின் ஆட்சியுரிமை மட்டும் எங்கிருந்து வந்தது? இராஜத்துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1548-இல் அக்கைந்நூலின் பிரதிகளைத் திரட்டிவிடும்படி உத்தரவு பிறந்தது. ஸ்பெயினுக்குத் திரும்பியிருந்த லாஸ் காஸாஸ் 1550-இல் மேற்றிராணியார் பதவியை விட்டு விலகி, வாதாடுவதே தொழிலாய் இருந்தார். 1552-இல் செவில் நகரத்தில் அக்கைந்நூலை அச்சிட்டும் விட்டார். எசமானர் மட்டுமன்று, அம்மக்களிடையே நெடுங்காலம் உழைத்த பிராஞ்சிஸ்கு சபைச் சந்நியாசி மொத்தொலினியாவும் 1555-இல் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில் அவரையும் அந்நூலையும் கடுமையாய்த் தாக்கினார்.

பலன் என்ன என்று வாசகர் கேட்கலாம். ஒப்படைப்பு முறை ஒழியவில்லை. வேறு குருவைத் தேடிக்கொண்டவர்களே மிகப் பலர். ஆனால் 1560-இல் பெரு தேசத்து லீமா நகரத்தில் குருமாருக்கு இதனைப் போன்ற விதிகள், கடுமை சற்றே குறைத்து, வழங்கப்பட்டன. மரணத்திற்கு அஞ்சிய பழைய படைவீரர் சிலர் தாம் கொள்ளையிட்ட ஊர்களுக்கென்று பணம் ஒதுக்கி எழுதிய சாசனங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. பறித்ததை நோக்க அது அற்பமே. எனினும் வென்றவன் தோற்றவனுக்குக் கடன்பட்டவன் என்று கையொப்பமிட்டுத் தந்த பத்திரம் அது.

லாஸ் காஸாஸைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. அவரைப் போற்றுவோர் பலர் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். பூர்வ ஜனங்களின் பாரத்தைக் குறைக்க எண்ணி, வேறு அடிமைகளை அத்தீவுகளுக்குக் கொண்டுவர அனுமதிக்கலாமென்று 1516-இல் அவரே யோசனை சொன்னார். அவர் நினைத்தவருள் ஆப்பிரிக்க நீக்ரோவரும் உண்டு. ஆப்பிரிக்க அடிமைகள் 4,000 பேரைக் கொண்டுபோக 1518-இல் அரசர் உத்தரவளித்தார். போர்த்துக்கீசியர் அம்மக்களை எவ்வாறு பிடித்தனர் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தபோது அவர் நடுங்கினார். தாம் எழுதிய பெருநூலாகிய இந்திய நாடுகளின் சரித்திரத்தில், தம்மைப் படர்க்கையில் 'அந்தக் குரு' என்று குறித்து, அவர்களை அடிமைப்படுத்தியதும் இவர்களை அடிமைப்படுத்தியதைப் போன்ற அநீதியே என்று எழுதினார். அறியாமையும் நல்லெண்ணமும் கடவுளின் நியாயத்தீர்ப்பில் தம்மைக் காக்குமென்று தமக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார். எசமானருக்குக் கூலிக் கணக்கு விதித்தவர், தம் கணக்கை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது என்று அங்கே சொல்லவில்லை. கப்பலில் ஏற்றப்பட்டவரும் அவர் வாரிசுகளும் எங்கெங்கே சிதறினரோ!

அந்தச் சுவடியை 1559-இல் வல்லதோலித் நகரத்து மடக் கல்லூரி ஒன்றில் ஒப்படைத்து, நாற்பதாண்டு கழியுமுன் வெளியிடலாகாதென்று எழுதி வைத்தார். 1566-இல் மத்ரித் நகரத்தில் காலமானார். அச்சுவடி அச்சேறியது 1875-ஆம் ஆண்டில்.